வைஃபையில் இணைந்தும் இணையம் வராத வி.ஆர். ஹெட்செட்: பழுதை எங்கே தேடுவது?

கைபேசியும் மடிக்கணினியும் அதே அறையில் நன்றாக இயங்கும்போது வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் மட்டும் மூன்று விதமாகத் தொல்லை தருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்: திடீரென்று வைஃபை அறுந்துவிடுகிறது, சில நேரம் இணைந்திருப்பதாகக் காட்டியபடியே இணையம் இல்லை என்கிறது, கணினியில் ஓடும் விளையாட்டைக் கம்பியில்லாமல் ஹெட்செட்டுக்கு அனுப்பினால் படம் திக்கித் திணறுகிறது. ரூட்டரைப் பலமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, இனி ஹெட்செட்டில் உள்ள அனைத்தையும் அழித்து முதலிலிருந்து அமைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு அதைச் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும் பெரும்பாலும் மூன்று வேறு இடங்களில் பிறக்கும் கோளாறுகள். அவற்றை ஒன்றாகக் கருதி ஒரே மருந்தைத் தேடியதால்தான் இத்தனை முயற்சிக்குப் பிறகும் தீர்வு கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஹெட்செட்டுக்கும் ரூட்டருக்கும் இடையே காற்றில் செல்லும் ரேடியோ இணைப்பு ஒன்று; ரூட்டரிலிருந்து வெளியே செல்லும் இணைய இணைப்பு மற்றொன்று; ரூட்டருக்கும் உங்கள் கணினிக்கும் இடையிலுள்ள இணைப்பு மூன்றாவது. எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன், இவற்றில் எது பழுதாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சிக்கல் தலைகாட்டும் அந்த நேரத்திலேயே ஹெட்செட்டில் உள்ள உலாவியைத் திறந்து ரூட்டரின் முகவரியை இடுங்கள். பல ரூட்டர்களில் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்றிருக்கும், ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டிலும் அச்சிட்டிருப்பார்கள். ரூட்டரின் நுழைவுப் பக்கம் சட்டென்று திறந்து, வெளித்தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் ரேடியோ இணைப்பில் குறையில்லை. பழுது அதற்கு அப்பால் இருக்கிறது. நுழைவுப் பக்கமே திறக்கவில்லை என்றால் ரேடியோவையோ, ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்ணான ஐ.பி. முகவரியையோ பார்க்க வேண்டும். வெளித்தளங்களும் காணொளிகளும் நன்றாக வந்து, கணினி விளையாட்டு மட்டும் திணறினால் மூன்றாவது இணைப்பைச் சந்தேகியுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை பல மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கைபேசி நன்றாக இயங்குகிறதே என்பதை வைஃபைக்குத் தரும் நற்சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வைஃபையில் இணையம் நின்றவுடன் பல கைபேசிகள் யாருக்கும் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். மேலும், கைபேசியில் பார்க்கும் காணொளி பல வினாடிகளுக்கு உரிய தரவை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்வதால், இடையில் இரண்டு வினாடி இணைப்பு அறுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கணினியிலிருந்து வரும் வி.ஆர். படத்துக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் தலை திரும்பிய பிறகுதான் அடுத்த காட்சியை வரையவே முடியும் என்பதால், 90 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 90 காட்சிகள்) ஒவ்வொரு காட்சிக்கும் 11.1 மில்லிவினாடியும் 120 ஹெர்ட்ஸில் 8.3 மில்லிவினாடியும்தான் இடைவெளி. வேகச் சோதனையில் எவ்வளவு பெரிய எண் வந்தாலும், நடுவில் ஒரு பத்தில் ஒரு பங்கு வினாடி தடங்கல் ஏற்பட்டால் கண் அதைப் பிடித்துவிடும், தலையும் சுற்றும். இங்கே நமக்கு வேண்டியது பெரிய வேகம் அன்று, நடுக்கமில்லாத ஒரே சீரான ஓட்டம்.

முதலில் ரேடியோவைப் பார்ப்போம், ஏனெனில் திடீரென்று அறுந்துபோகும் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு என எல்லாமே அந்தக் குறுகிய இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இயங்குகின்றன. யு.எஸ்.பி. 3 இணைப்பிலிருந்தும் கம்பியிலிருந்தும் கசியும் இரைச்சல் இதே அலைவரிசையைக் கெடுக்கிறது என்று இன்டெல் நிறுவனம் 2012-இலேயே அறிக்கை வெளியிட்டது. ஆகவே ரூட்டரின் பின்புறம் யு.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், நெரிசல் குறைவு. ஆனால் அது சுவரைக் கடக்கும்போது 2.4-ஐவிட அதிகமாக வலுவிழக்கிறது. வி.ஆர். ஹெட்செட்டைப் பொறுத்தவரை 2.4 கிகாஹெர்ட்ஸை மின்னஞ்சலுக்கும் சிறு பதிவிறக்கத்துக்கும் ஏற்ற மாற்று வழியாக மட்டும் வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான ரூட்டர்கள் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க முயல்கின்றன. அறைக்குள் நடந்து விளையாடும்போது சிக்னல் சற்றுக் குறைந்ததும் ஹெட்செட் 5-இலிருந்து 2.4-க்குத் தாவும், பிறகு திரும்பி வரும். ஒவ்வொரு தாவலும் ஒரு அறுபடல். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்தத் தானியங்கிச் சேர்க்கையை நிறுத்தி, இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் கொடுங்கள். ஹெட்செட்டில் பழைய வைஃபைப் பெயரை மறக்கச் செய்து, 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் மட்டும் இணையுங்கள். பழைய பெயரை நீக்காமல் விட்டால் ஹெட்செட் தன் விருப்பப்படி அதற்கே திரும்பிச் செல்லும். பலர் தவறவிடுவது இந்த ஒரு படியைத்தான்.

ஹெட்செட்டில் தெரியும் வளைவுக் கோடுகளை நம்பி சிக்னலை அளக்க இயலாது. பல ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில், ஒவ்வொன்றின் சிக்னலும் அதன் வலுவைச் சொல்லும் டி.பி.எம். அளவில் எதிர்மறை எண்ணாகக் காட்டப்படும். மைனஸ் 50-ஐ ஒட்டியிருந்தால் மிக நன்று; மைனஸ் 67-க்குக் கீழே போனால் நேரடிப் படத்துக்கு அது போதாது. இந்த அளவு மடக்கைக் கணக்கில் செல்வதால், மைனஸ் 50-க்கும் மைனஸ் 70-க்கும் இடையிலான வேறுபாடு நூறு மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். எண்ணைப் பார்க்கும்போது ஹெட்செட் மேசைமேல் இருக்கக் கூடாது, தலையில் இருக்க வேண்டும். மனித உடலில் பெரும்பகுதி நீர், நீர் இந்த அலைகளை உறிஞ்சும்; ரூட்டருக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது உங்கள் தலையே ஒரு தடுப்புச் சுவராகிறது. ரூட்டரை அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் ஒளித்து வைக்காமல், விளையாடும் அறையிலேயே தலைக்கு மேலான உயரத்தில் வைத்தால் இந்த இடர் பெருமளவு தீரும்.

இணைப்பு ஒரு நாளைக்குச் சிலமுறை, எந்த ஒழுங்கும் இல்லாமல், ஏறக்குறைய ஒரு நிமிடம் முழுதாக மறைந்து தானே திரும்பி வருகிறதா? அப்படியானால் வேறொரு காரணத்தைத் தேட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் பல நாடுகளில் வானிலை ராடார் உள்ளிட்ட ராடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. ராடார் அலை என்று ஐயம் எழுந்த மறுகணமே ரூட்டர் அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பதும், அந்த வரிசையில் உள்ள புதிய சேனலில் பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 வினாடிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதும் விதி. அந்த ஒரு நிமிடத்தில் கைபேசி 2.4-க்குத் தாவி, உங்களுக்குத் தெரியாமலேயே தப்பித்துக்கொள்ளும். 5-இல் மட்டும் இணைத்து வைத்த ஹெட்செட் அந்தரத்தில் நிற்கும். தானியங்கிச் சேனல் தேர்வை நிறுத்திவிட்டு 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றையோ, உங்கள் நாட்டில் அனுமதி இருந்தால் 149 முதல் 161 வரையிலான ஒன்றையோ நிலையாக வையுங்கள். அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் தேர்ந்தால், சேனல் 36-இல் தொடங்கினாலும் அது 64 வரை நீண்டு ராடார் பகுதிக்குள் நுழைந்துவிடும். வேகமான அமைப்பு என்று எண்ணி அதைத் தேர்ந்தவர்கள்தாம் இந்தக் கோளாற்றை அதிகம் சந்திக்கிறார்கள்.

6 கிகாஹெர்ட்ஸ் இந்தத் தொல்லைகளிலிருந்து விடுபட நல்ல வழி. ஆனால் ரூட்டர், ஹெட்செட், நாட்டின் விதி ஆகிய மூன்றும் அதற்கு இடம் தர வேண்டும். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் இருப்பது வைஃபை 6. பெயரில் ஆறு இருந்தாலும் அது 6 கிகாஹெர்ட்ஸைக் காணாது. குவெஸ்ட் 3-இல் வைஃபை 6இ இருப்பதால் காணும். அந்த அலைவரிசையில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறை கட்டாயம். மாறாக, 5 கிகாஹெர்ட்ஸில் கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைய மறுக்கிறது என்றால், டபிள்யூ.பி.ஏ.2-உம் 3-உம் கலந்த முறையை மாற்றி, சோதனைக்காக டபிள்யூ.பி.ஏ.2-ஐ மட்டும் வைத்துப் பாருங்கள்.

இனி இணைந்திருந்தும் இணையம் இல்லை என்ற இரண்டாவது கோளாறு. இதில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கடிகாரத்தை. ஹெட்செட் பல வாரங்கள் மின்னேற்றம் இன்றிக் கிடந்தால் அதன் தேதி பிசகிப்போகலாம். பாதுகாப்பான ஒவ்வொரு இணையதளமும் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. ஹெட்செட்டின் தேதி அந்த இரண்டுக்கும் வெளியே இருந்தால் எல்லாச் சான்றிதழ்களும் செல்லாதவையாகத் தோன்றும், ஆகவே வைஃபை முழு வலுவுடன் இருந்தும் கடை திறக்காது, கணக்கில் நுழைய முடியாது, புதுப்பிப்பும் வராது. ரூட்டரின் நுழைவுப் பக்கம் பெரும்பாலும் சான்றிதழ் இல்லாத சாதாரண முகவரி என்பதால் அது மட்டும் திறந்து, ஆளைக் குழப்பும். தேதியும் நேரமும் நேர மண்டலமும் சரிதானா என்று பார்த்து, தவறு இருந்தால் திருத்தி, ஹெட்செட்டை ஒருமுறை முழுமையாக அணைத்துப் போடுங்கள். பொத்தானை லேசாக அழுத்தினால் அது உறங்கத்தான் செய்யும். மின்சாரப் பொத்தானை அழுத்திப் பிடித்து, திரையில் வரும் பட்டியலில் அணைப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடிகாரம் சரியாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது டி.என்.எஸ். என்ற சேவை. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் அந்தச் சேவை தடுமாறினால் எல்லாத் தளங்களும் ஒன்றாக மறைந்துவிடும். ஹெட்செட்டுகள் பலவற்றின் இயங்குதளம் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டது. அது குறிப்பிட்ட ஒரு முகவரியைத் தொட்டுப் பார்த்து, விடை வந்தால்தான் இணையம் இருப்பதாக ஒப்புக்கொள்ளும். ரூட்டரிலோ வீட்டு வலையமைப்பிலோ விளம்பரத் தடுப்பான், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு போன்றவை அந்த முகவரியை அடைத்துவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஹெட்செட் இணையம் இல்லை என்றே சொல்லும். தடுப்பான்களைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, ரூட்டரின் டி.என்.எஸ். முகவரியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 இட்டுப் பாருங்கள். ஐ.பி. முகவரியே கிடைக்காமல் நெடுநேரம் காத்து நிற்கிறது என்றால், ரூட்டர் பகிர்ந்தளிக்கும் முகவரிகள் தீர்ந்துவிட்டனவா, அனுமதித்த கருவிகளை மட்டும் சேர்க்கும் வடிகட்டி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விடுதி, கல்லூரி போன்ற இடங்களில் வைஃபையில் சேர்ந்த பிறகு ஓர் உலாவிப் பக்கத்தில் ஒப்புதல் தர வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் ஹெட்செட்டில் தானாக எழும்பாவிட்டால், உலாவியில் ரூட்டரின் முகவரியையோ, சான்றிதழ் கேட்காத ஏதேனும் ஒரு தளத்தையோ திறந்தால் பெரும்பாலும் வரும்.

இதையெல்லாம் தொடங்கும் முன், தயாரிப்பாளரின் சேவை இயங்குகிறதா என்று கைபேசியில் பார்த்துவிடுங்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் (இப்போதைய மெட்டா) சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்தபோது அதன் வி.ஆர். பிரிவான ஆகுலஸின் சேவையும் சேர்ந்து முடங்கியது. அன்று யாருடைய வீட்டு ரூட்டரிலும் தவறில்லை.

மூன்றாவது, கணினியிலிருந்து வரும் படம் திணறுவது. இதற்கும் உங்கள் இணையச் சந்தாவின் வேகத்துக்கும் ஏறக்குறைய தொடர்பே இல்லை, ஏனெனில் அந்தப் படம் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. கணினி வைஃபையில் இணைந்திருந்தால், ஒவ்வொரு காட்சியும் ஒருமுறை கணினியிலிருந்து ரூட்டருக்கும், மறுமுறை ரூட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கும் காற்றிலேயே பயணம் செய்கிறது. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் பாதை பாதியாகிறது. வீடெங்கும் வைஃபையைப் பரப்பக் கம்பியில்லாமல் ஒன்றோடொன்று இணைந்த மெஷ் கருவிகளிலும் இதே கதைதான். கணினியை ஈதர்நெட் கம்பியால் ரூட்டரோடு இணையுங்கள். இணைத்த பிறகு, கணினியின் வலையமைப்பு அமைப்பில் இணைப்பு வேகம் 1000 மெகாபிட் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். கிகாபிட் வேகத்துக்குக் கம்பியின் நான்கு சோடிகளும் வேண்டும். அவற்றில் ஒன்று அறுந்தாலும் கணினியும் ரூட்டரும் பேசி வைத்துக்கொண்டு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இணையம் பார்க்க 100 போதுமானதால் யாருக்கும் ஐயம் வராது, ஆனால் கணினிப் படத்தைக் கம்பியில்லாமல் குவெஸ்டுக்கு அனுப்பும் ஏர் லிங்க் போன்றவை 200 மெகாபிட் வரை கேட்கக்கூடும். நான் ஒருமுறை இரண்டு வாரங்கள் சேனல் சேனலாக மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகுதான், மேசைக்காலின் அடியில் நசுங்கிக் கிடந்த கம்பியைக் கண்டேன். கம்பியை மாற்றிய அன்றே படம் சீரானது.

கணினி ஹெட்செட்டின் கண்ணுக்கே தெரியவில்லை என்றால், இரண்டில் ஒன்று விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி பிரித்து வைப்பது வழக்கம். விண்டோஸில் அந்த வலையமைப்பு பொது என்று குறிக்கப்பட்டிருந்தால் தீச்சுவர் உள்வரும் அழைப்பைத் தடுக்கும். அது உங்கள் சொந்த வலையமைப்பாக இருந்தால் தனிப்பட்டது என்று மாற்றலாம். கணினியிலோ ஹெட்செட்டிலோ வி.பி.என். (தரவை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் சேவை) இயங்கினால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

திணறலுக்கு வைஃபைதான் காரணமா என்று ஐயமறத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி, அதே விளையாட்டை யு.எஸ்.பி. கம்பி வழியாக ஓட்டிப் பார்ப்பது. கம்பியிலும் திணறினால் குறை கணினியின் கிராபிக்ஸ் அட்டையிலோ, விளையாட்டின் தர அமைப்பிலோ இருக்கிறது, ரூட்டரை விட்டுவிடுங்கள். கம்பியில் சீராக ஓடினால், கணினியிலிருந்து ஹெட்செட்டின் ஐ.பி. முகவரிக்குச் சில நிமிடங்கள் தொடர்ந்து பிங் (விடை திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். ஹெட்செட் விழித்திருக்க வேண்டும், உறங்கினால் வைஃபை மின்சேமிப்பு நிலைக்குப் போய்விடும். விடைகள் ஒற்றை இலக்க மில்லிவினாடிகளில் வந்துகொண்டே இருந்து, அவ்வப்போது நூறு, இருநூறு என்று துள்ளினால், நீங்கள் கண்ட தடங்கலின் உருவம் அதுதான். அப்போது படத்தை அனுப்பும் தரவு வீதத்தை 200 மெகாபிட்டிலிருந்து 100-க்கு அல்லது 80-க்கு இறக்கிப் பாருங்கள். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரு ஆன்டெனா கொண்ட வைஃபை 6 கருவிகளுக்கு இணைப்பு வேகம் 1201 மெகாபிட் என்று திரை காட்டும். அதில் கையில் கிடைப்பது நல்ல சூழலிலும் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. வீட்டில் வேறு கருவிகள் அதிகம் என்றால், கணினிக்குக் கம்பியால் இணைத்த இரண்டாவது ரூட்டர் ஒன்றை விளையாடும் அறையில் வைத்து, அதில் ஹெட்செட்டை மட்டும் சேர்ப்பது, விலை உயர்ந்த புது ரூட்டர் வாங்குவதைவிடப் பயன் தரும்.

இவை அனைத்துக்கும் பிறகும் தீரவில்லை என்றால்தான் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை உண்டு: கைபேசியில் 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, அருகில் வைத்து, ஹெட்செட்டை அதில் இணையுங்கள். அதில் மணிக்கணக்கில் அறுபடாமல் இருந்தால் ஹெட்செட்டில் குறையில்லை. அழித்து அமைப்பதால் ஒரு பயனும் கிடையாது, ரூட்டருக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கேயும் அறுந்தால், குவெஸ்ட் வகைகளில் ஹெட்செட்டை அணைத்துவிட்டு மின்சாரப் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கையில் வரும் பட்டியலிலிருந்து மீட்டமைக்கலாம். அது கருவியில் உள்ள செயலிகளையும், இணைய மேகத்தில் சேமிக்கப்படாத விளையாட்டு முன்னேற்றத்தையும் அழித்துவிடும் என்பதால், எவை மேகத்தில் சேமிக்கப்பட்டுள்ளன என்று முதலில் சரிபாருங்கள். மீட்டமைத்த பிறகும், ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் எந்தத் தடையும் இல்லாத நிலையில், சிக்னல் மைனஸ் 70-ஐ ஒட்டியே இருந்தால், ஆன்டெனாவோ அதன் இணைப்போ பழுதாகியிருக்க வாய்ப்பு மிகுதி. ஹாட்ஸ்பாட்டில் கிடைத்த முடிவையும் டி.பி.எம். எண்ணையும் சோதித்த நேரங்களையும் எழுதி, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். இந்த விவரங்கள் கையில் இருந்தால், ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற முதல் பதிலைத் தாண்டி நேராகப் பழுதுபார்ப்புக்குச் செல்ல முடியும்.